பாடசாலைக்கான நிதியை நாமும் எழுதிக் கேட்போம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள், பெற்றோர், ஆசிரியர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை, விறகு வேலை எல்லாம் கிடக்க, இந்த மழைக்குளிரில் மலையிறங்கி வந்திருக்கிறீர்கள். சம்பளம், வேலை நாள், கொழுந்து நிறுவை என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும்போது, பாடசாலைக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதைப் பற்றி ஒரு பேச்சா என்று சிலருக்குத் தோன்றலாம். வரும் வழியில் ஓர் ஐயா எங்களிடம் கேட்டே விட்டார்: "டீச்சர், பாரம் நிரப்புறது ஆபிஸ்காரங்க வேலை. சங்கத்துக்கு அதுல என்ன இருக்கு?"

அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறோம். செக்ரோலில் பேர் விழாமல் போனால் நாம் என்ன செய்கிறோம்? வேலை செய்த நாட்களை எண்ணுகிறோம். தலைவரிடம் சொல்கிறோம். கடிதம் எழுதித் துரையிடம் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்குகிறோம். பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போகிறோம். அரசாங்கத்திடம் பாடசாலைக்கு நிதி கேட்பதும் இதே வேலைதான். செக்ரோலுக்குச் செய்வதைப் பாடசாலைக்கு மட்டும் நாம் செய்யாமல் இருக்கிறோம்.

நமது பாடசாலைகளின் கதை உங்களுக்குத் தெரியும். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலை அதற்கு வெளியே நின்றது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், தோட்ட நிர்வாகத்தின் தயவு என்றுதான் நம் தாத்தா பாட்டிமார் படித்தார்கள். 1970களில்தான் அரசாங்கம் இந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதன் பிறகு சுவீடன் நாட்டின் உதவியில் கட்டிடங்கள் வந்தன. ஜெர்மன் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. நம்மில் பல ஆசிரியர்கள் அங்கே பயின்றவர்கள். இவையெல்லாம் மேலிருந்து வந்த பெரிய திட்டங்கள். வந்தபோது வாங்கிக்கொண்டோம். அடுத்தது எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்து பழகிவிட்டோம்.

இன்று பாடசாலையில் ஏதாவது புதிதாகச் செய்வதற்கான பணம் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. எழுதிக் கேட்கிற பாடசாலைக்குத்தான் போகிறது. பட்டணத்துப் பெரிய பாடசாலைகளுக்குப் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. அதில் பொறியியலாளரும் கணக்காளரும் சட்டத்தரணியும் இருக்கிறார்கள். ஓர் அறிவித்தல் வந்தால் மூன்றாம் நாள் விண்ணப்பம் தயார். நமது பாடசாலையில் அந்த அறிவித்தல் அதிபரின் மேசை லாச்சியிலேயே கிடந்து காலாவதியாகிவிடுகிறது. அதிபரையும் குற்றம் சொல்ல முடியாது. பல இடங்களில் அவரே அதிபர், அவரே வகுப்பாசிரியர், அவரே எழுதுவினைஞர்.

எந்தெந்த வழிகளில் கேட்கலாம் என்று முதலில் பார்ப்போம்.

முதலாவது, போட்டியே இல்லாமல் பாடசாலைக்கு வருகிற பணம். தர உள்ளீட்டு நிதி என்று ஒன்று உண்டு. கற்பித்தலுக்கு வேண்டிய பொருட்களை வாங்குவதற்கு அது வருகிறது. பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2006இல் தொடங்கியது. அதன்படி ஒவ்வொரு பாடசாலையிலும் அபிவிருத்திக் குழு இருக்க வேண்டும். அதில் அதிபர், ஆசிரியர் மட்டுமல்ல, பெற்றோரும் பழைய மாணவரும் இடம்பெற வேண்டும். எதற்குப் பணம் செலவாகிறது என்பது பாடசாலையின் ஆண்டுத் திட்டத்தில் எழுதப்படுகிறது. அந்தத் திட்டம் ஆண்டு தொடங்கும் முன்பே தயாராகிவிடும். இந்த மண்டபத்தில் இருக்கிற பெற்றோரில் எத்தனை பேர் தம் பிள்ளையின் பாடசாலை ஆண்டுத் திட்டத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம். மனதுக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விண்ணப்பித்துப் பெறுகிற உதவி. தேசிய விஞ்ஞான மன்றம் பாடசாலை விஞ்ஞானச் சங்கங்களை ஊக்குவிக்கிறது. இலங்கை புத்தாக்குநர் ஆணைக்குழு பாடசாலைகளில் புத்தாக்குநர் கழகங்களை அமைக்கிறது, 'சஹசக் நிமவும்' என்ற பெயரில் தேசியப் போட்டியும் கண்காட்சியும் நடத்துகிறது. இங்கெல்லாம் முதலில் கழகம் ஒன்று இருக்க வேண்டும், பிள்ளைகளுடைய வேலை இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றது.

மூன்றாவது, உள்ளூர் வழி. மாகாண சபை நிதி, பாராளுமன்ற உறுப்பினருக்கான பன்முகப்படுத்தப்பட்ட நிதி, பிரதேச சபை. பிரதேச சபைச் சட்டம் முன்பு தோட்டங்களுக்குள் செலவு செய்யத் தடையாக இருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டமானது. "தோட்டத்துக்குள்ள எங்களால ஒண்ணும் செய்ய ஏலாது" என்று இன்றைக்கு யாராவது சொன்னால், அது பழைய கதை என்று நாம் தைரியமாகச் சொல்லலாம்.

இனி எங்கள் பாடசாலைக் கதையைச் சொல்கிறோம். முதலில் தோற்ற கதை.

சில வருடங்களுக்கு முன் புத்தாக்கத் திட்டங்களுக்கு உதவி தருவதாக ஓர் அறிவித்தல் வந்தது. கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. வாசித்து விளங்கப்படுத்த ஆள் பிடிக்கவே இரண்டு கிழமை போயிற்று. கடைசி நேரத்தில், பட்டணத்துப் பாடசாலை ஒன்றின் பழைய விண்ணப்பத்தை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினோம். 25 கணினி, பெரிய திரை, அவற்றை வைக்க ஒரு புதிய அறை. "பயன்பெறுவோர் யார்?" என்ற இடத்தில் "எல்லா மாணவர்களும்" என்று எழுதினோம்.

பார்வையிட அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். நான்கு கேள்வி கேட்டார். அறை கட்டப்போகிற காணி யாருடையது? 25 கணினிக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும்? பழுதானால் யார் திருத்துவது? இதனால் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் கூடுதலாக விளங்கும்? ஒன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. காணிக் கேள்வி எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவானது. 1992இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசுடையது, கம்பனியிடம் குத்தகையில் இருக்கிறது. பாடசாலை நிற்கிற நிலம் கல்வித் திணைக்களத்தின் பெயரில் பிரித்து எழுதப்பட்டிருக்கிறதா என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் அன்று தெரியவில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. "தோட்டப் பாடசாலை என்பதால் ஒதுக்கிவிட்டார்கள்" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அப்படி ஒதுக்கப்படுவது உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் கொழுந்தெடுக்கிற ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "டீச்சர், கம்ப்யூட்டர் வந்திருந்தா எங்க பிள்ளைக்கு என்ன மாறியிருக்கும்? அத மொதல்ல எங்களுக்குச் சொல்லுங்க." அதிகாரியின் நான்காவது கேள்வியும் அந்த அம்மாவின் கேள்வியும் ஒன்றுதான். அதிகாரி கேட்டபோது எங்களுக்குக் கோபம் வந்தது. அம்மா கேட்டபோது வெட்கம் வந்தது.

அதன் பிறகு இரண்டு காரியம் செய்தோம்.

முதலாவது, ஏன் நிராகரித்தார்கள் என்று தகவல் கேட்டு எழுதினோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். அது நமக்கும் உரியது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் அவர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நாம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில்தான் கேட்டோம். நமது மொழியில் அரசாங்கத்தோடு எழுத்துத் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த புள்ளித்தாளைப் பார்த்தால், "திட்டம் முடிந்த பின் யார் பராமரிப்பது" என்ற இடத்தில் பூச்சியம். "தேவை எப்படிக் கண்டறியப்பட்டது" என்ற இடத்திலும் பூச்சியம். அவை நியாயமான பூச்சியங்கள்.

இரண்டாவது, எண்ணினோம். தரம் 8, 9, 10 வகுப்புகளில் 74 பிள்ளைகள். வெப்பமானியைத் தன் கையால் பிடித்து அளவு பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டோம். 11 பேர். விஞ்ஞானப் பாடத்தைப் படம் பார்த்தே படித்து, படம் பார்த்தே பரீட்சை எழுதுகிறார்கள். சாதாரண தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் சறுக்கினால் உயர்தரத்தில் அந்தப் பிரிவுகளின் கதவு மூடிவிடும். நம் தோட்டத்திலிருந்து ஏன் மருத்துவர், பொறியியலாளர் அதிகம் வரவில்லை என்று மேடையில் பேசுகிறோமே, அதற்கு ஒரு காரணம் இந்த 11இல் இருக்கிறது.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு பெற்றோரோடு இரண்டாம் முறை உட்கார்ந்தோம். புத்தாக்கம் என்றால் விலை கூடிய இயந்திரம் என்று நினைத்திருந்தோம். நம் பிள்ளைக்கு இருக்கிற ஒரு சிக்கலை, நம் இடத்தில் இருப்பதை வைத்து, இதுவரை செய்யாத ஒரு விதத்தில் தீர்ப்பதும் புத்தாக்கம்தான் என்று அப்போதுதான் விளங்கியது. நம் இடத்தில் என்ன இருக்கிறது? மழை இருக்கிறது. ஒரு தாத்தா சொன்னார்: "மழைய அளக்கச் சொல்லிக் குடுங்க. ராவுல தூங்க முடியாம கெடக்கோம்."

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயன்களின் மேல் மலை சரிந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகம் பட்டதும் நம் கண் முன் நிற்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையளவைத்தான் கணக்கில் எடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேறத்தான் வேண்டும். இந்த எண்கள் எங்கள் தோட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தன? ஆசிரியர்களுக்கே தெரியாது.

ஆகவே இரண்டாவது விண்ணப்பத்தின் தலைப்பை "மழையை அளந்து விஞ்ஞானம் படித்தல்" என்று வைத்தோம். கேட்டவை: நான்கு மழைமானிகள், வெப்பமானிகள், அளவுச்சாடிகள், மண்ணைப் பரிசோதிக்கும் பொருட்கள், லயன்களில் வைக்க அறிவித்தல் பலகைகள். தினமும் காலையில் பிள்ளைகள் அளப்பார்கள். அந்த அளவுகளில் கணிதப் பாடத்துக்கு வரைபு வரைவார்கள். விஞ்ஞானப் பாடத்துக்கு மண் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். தமிழ்ப் பாடத்துக்கு அறிக்கை எழுதுவார்கள். கட்டிடம் கேட்கவில்லை, அதனால் காணிக் கேள்வி வரவில்லை. மின்சாரமும் தேவைப்படவில்லை. யார் பராமரிப்பது என்ற இடத்தில் விஞ்ஞான ஆசிரியர், இரண்டு பெற்றோர், ஒவ்வொரு லயனிலும் ஒரு மாணவர் என்று பெயரோடு எழுதினோம். மூன்று கடைகளில் விலைமனு எடுத்தோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, கூட்டக் குறிப்பின் பிரதியை இணைத்தோம். கொழும்பில் வேலை செய்கிற நம் தோட்டத்துத் தம்பி ஒருவர் சிங்களப் பிரதியைத் தயாரித்துத் தந்தார். முடிவுத் திகதிக்கு ஒன்பது நாள் முன்னதாகக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கினோம்.

கேட்டது 180,000 ரூபா. கிடைத்தது 110,000. மிச்சத்துக்குப் பெற்றோரிடம் சந்தா பிரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதை மறுத்துவிட்டோம். நாட்சம்பளத்தில் வாழ்கிறவர் மடியிலிருந்து அதை எடுப்பது சரியில்லை. இரண்டு மழைமானி வாங்கினோம். மற்ற லயன்களுக்குப் பிள்ளைகளே போத்தலில் செய்தார்கள். நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிப் புனல் போலக் கவிழ்த்து வைத்து, அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூடும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்து, அதற்கு மேலே அடிமட்டத்தால் மில்லிமீற்றர் கோடு போட வேண்டும். வாங்கிய மழைமானியோடு ஒப்பிட்டு எது எவ்வளவு பிழைக்கிறது என்றும் கணக்குப் பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகள் செய்ததிலேயே நல்ல விஞ்ஞானப் பாடம் அதுதான்.

ஒரு நாள் காலை, மேல் லயத்துப் பிள்ளை ஒன்று நனைந்துகொண்டே ஓடி வந்து "82" என்றது. மழை விடவில்லை. தோட்டத் தலைவருக்கும் கிராம அலுவலருக்கும் சொன்னோம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அழைத்தோம். மாலையில் 100ஐத் தாண்டியது. சரிவுக்குக் கீழே இருந்த குடும்பங்கள் அன்றிரவு பாடசாலை மண்டபத்தில் படுத்தார்கள். மலை சரியவில்லை. மறுநாள் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். சிலர் "வீணா அலைஞ்சோம்" என்றார்கள். அந்தத் தாத்தா மட்டும் "நான் நல்லாத் தூங்கினேன்" என்றார்.

தோழர்களே, இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையையும் சொல்லாமல் போகக்கூடாது. புத்தாக்க நிதி வேறு, நமது உரிமை வேறு. மலசலகூடம் இல்லை, தண்ணீர் இல்லை, கணித ஆசிரியர் இல்லை என்றால், அவற்றுக்காகப் போட்டி விண்ணப்பம் எழுதச் சொல்வதை நாம் ஏற்கக்கூடாது. அவை அரசாங்கம் தரவேண்டியவை. அவற்றைக் கோரிக்கையாக வைப்போம், போராடியும் கேட்போம். நம்மில் பலர் ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் சொற்பக் கொடுப்பனவுக்கு வருடக்கணக்கில் கற்பித்தவர்கள். ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு மழைமானி பாடம் சொல்லிக்கொடுக்காது என்று எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. கிடைத்த பொருளில் எந்தக் கட்சியின் படமும் எந்தச் சங்கத்தின் படமும் ஒட்டக்கூடாது. நமது சங்கத்தின் படமும்தான். ஒரே லயத்தில் மூன்று சங்கத்துக்குச் சந்தா போகிறது. பாடசாலையில் எல்லோரும் ஒரே பிள்ளைகள்.

இனி நாம் செய்ய வேண்டியவை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பாடசாலை விடயத்துக்கென்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. அவர் அதிபரைச் சந்தித்து, அபிவிருத்திக் குழுவில் பெற்றோர் யார் யார், ஆண்டுத் திட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். சண்டைக்குப் போக வேண்டாம், கைகொடுக்கப் போங்கள். ஆசிரியத் தோழர்களிடம் எங்கள் வேண்டுகோள்: பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். ஓர் அம்மா வந்து போனால் அரைப் பேர் போய்விடும். பின்னேரக் கொழுந்து நிறுத்த பிறகு அல்லது ஞாயிறன்று வையுங்கள். வெளியூரில் வேலை செய்கிற நம் பிள்ளைகளின் பெயர்களை எழுதி வையுங்கள். சிங்களம் எழுதத் தெரிந்தவர், கணினியில் அடிக்கத் தெரிந்தவர், கணக்குத் தெரிந்தவர் என்று பார்த்தால் நமக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. பாடசாலைக் காணியின் பத்திரம் எங்கே இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் இப்போதே கேட்டு எழுதுங்கள். கட்டிடம் கேட்கிற நாளில் தேடினால் காலம் போதாது. அனுப்புகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரதி பாடசாலையிலும் ஒரு பிரதி தோட்டக் கமிட்டியிடமும் இருக்கட்டும். அதிபர் மாறிப்போனாலும் பைல் இருக்க வேண்டும்.

முதல் முறை கிடைக்காமல் போகலாம். எங்களுக்கும் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டு எழுதுங்கள், மறுபடி எண்ணுங்கள், மறுபடி எழுதுங்கள். அடுத்த பிரதேசக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஓர் எண்ணைக் கொண்டு வாருங்கள். நமது பாடசாலையில் எத்தனை பிள்ளைகளுக்கு எது இல்லை என்று நாமே எண்ணிய ஓர் எண். மிச்சத்தை எல்லோரும் சேர்ந்திருந்து எழுதுவோம்.